தூங்காப்புலியார் எங்கே?

"ஒருத்தரைக் கண்டுபிடிக்கணும் மேடம். மத்தியானம் மூணு மணிக்குள்ள."

வந்தவள் இன்னும் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. மணி ஒன்பதரை. நான் நோட்டைத் திறந்தேன்.

"காணாமப் போய் எத்தனை நாள் ஆச்சும்மா?"

"காணாமப் போகலை சார். அப்படி ஒருத்தர் இருக்காரான்னே தெரியலை. ஒரு அடிக்குறிப்புல வர்றார்."

பேனாவை மூடிவிட்டேன். பதினோரு வருஷமாக இந்த ஆபீசில் குப்பை கொட்டுகிறேன். ஓடிப்போன புருஷன், ஒளிந்துகொண்ட பங்காளி, செத்ததாக நடித்த மாமனார் எல்லோரையும் தேடியாயிற்று. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் பதுங்கியிருக்கும் ஆசாமியைத் தேடச் சொல்லி இதுவரை எவரும் வந்ததில்லை.

மேடம் வெந்நீரை ஒரு வாய் குடித்தார். "உட்காரும்மா. முதல்லேருந்து சொல்லு. ரேடியோ, நீ வாயை மூடு."

ரேடியோ என்பது நான்தான். அணைக்கும் குமிழ் இல்லாத காரணத்தால் மேடம் எனக்கு வைத்த பெயர். மேடம் இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைக் கிழித்துக் குப்பையில் போட்டவர். எரிந்துபோனதாகச் சொன்ன கடைச் சரக்கைப் பக்கத்துத் தெரு குடோனில் தடவிப் பார்த்துவிட்டு வருவார். ரிட்டயரானதும் இந்தத் துப்பறியும் ஆபீசைத் திறந்தார். ஊரார் இன்னும் 'இன்ஸ்பெக்டரம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அவள் சொன்னாள். வயது முப்பத்திரண்டு. டாக்டர் பட்டத்துக்கு ஆறு வருஷமாக ஆராய்ச்சி. தலைப்பு, ஆலைத் தொழிலாளர்களின் ஓய்வு நேரம். கணவர் லிஃப்ட் மெக்கானிக். பதினாலு மாசத்தில் ஒரு பெண் குழந்தை. திங்கட்கிழமை ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர உத்தரவு கையில் இருக்கிறது. பட்டம் கிடைத்தால்தான் அந்த உத்தரவு செல்லும்.

"இன்னிக்கு மூணு மணிக்கு விசாரணை மேடம். என் மூணாவது இயல் அப்படியே என் வழிகாட்டியோட கட்டுரையில இருந்து திருடினதாம். அவரே புகார் குடுத்திருக்கார்."

"திருடினியா?"

"ஐயோ! அவர்தான் என்னோடதை எடுத்துத் தன் பேருல போட்டுக்கிட்டார். எட்டு மாசத்துக்கு முன்னால அச்சுல வந்துடுச்சு. நான் ஆய்வேட்டைக் குடுத்தது நாலு மாசத்துக்கு முன்னால. பார்க்கிறவங்களுக்கு யார் திருடி?"

"நீதான்," என்றார் மேடம், தயவு தாட்சண்யம் இல்லாமல். "அவருக்குக் குடுத்த நகல் மெயில்ல இருக்குமே?"

"கம்ப்யூட்டர்ல அவர் படிக்க மாட்டார். தாள்ல குடுத்தாத்தான். அதுவும் கடையில டைப் பண்ணி. நான் கையால எழுதித் தந்தேன். என் வீட்டுக்காரர் கடையில குடுத்தார். அன்னிக்கே எனக்கு வலி வந்துடுச்சு, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். கடைக்காரரே அவர் வீட்டுக்கு அனுப்பிட்டார். அந்த நகலை நான் கண்ணால பார்க்கவே இல்லை. 'எனக்கு எதுவும் வரலை'ங்கிறார் இப்போ."

"யாரும்மா அந்த மகானுபாவர்?" என்றேன்.

"பசங்க 'முற்றுப்புள்ளி'ன்னு கூப்பிடுவாங்க. அடிக்குறிப்புக் கடைசியில புள்ளி வைக்கலைன்னா ஆய்வேட்டையைத் தூக்கி எறிஞ்சிடுவார். 'மூலங்களைக் குறிப்பது எப்படி'ன்னு கையேடு போட்டிருக்கார். அஞ்சு பதிப்பு வந்தாச்சு."

எனக்கு ரத்தம் கொதித்தது. நானும் ஒரு காலத்தில் எம்.ஏ. படித்தவன்தான். ஒரு புத்தகத்தின் பதிப்பாண்டை அடைப்புக்குறிக்குள் போடாத பாவத்துக்கு என்னைத் தேற விடாமல் அடித்த ஒரு புண்ணியவான் இருந்தார். அன்றைக்கு விட்ட படிப்பு. இந்த ஜாதி ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

மேடம் ஆய்வேட்டையையும் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிக்குறிப்புகளை மட்டும் விரலால் ஒத்துப் பார்த்தார். இந்தச் செய்தியை எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் எடுத்தோம் என்று ஒப்புக்கொள்ளும் வரிகள் அவை. மொத்தம் முப்பத்தெட்டு. முப்பத்தேழு இரண்டிலும் ஒன்றேதான். பதினேழாவது மட்டும் வேறு.

அவளுடைய ஆய்வேட்டில் அந்த இடத்தில் தொழிலாளர் நலத்துறையின் ஓர் ஆண்டறிக்கை இருந்தது. அவருடைய கட்டுரையில் இப்படி இருந்தது: 'தூங்காப்புலியார், ஓய்வும் ஒழுக்கமும், தொகுதி இரண்டு, திருத்திய பதிப்பு, மாடி அறை வெளியீடு, பக்கம் 417. இக்கருத்தைத் தூங்காப்புலியார் தமக்கே உரிய நுட்பத்துடன் நிறுவியுள்ளார்.'

"இதுக்கு அவர் என்ன சொல்றார்?"

"அது அரிய நூலாம். என்னால தேடிக் கண்டுபிடிக்க முடியாததால, அதை எடுத்துட்டு வேற ஒண்ணைச் செருகிட்டேனாம். புகார்லயே எழுதியிருக்கார்."

"சரி," மேடம் எழுந்தார். "அந்தப் புலியைப் பார்த்துடலாம். நீ மூணு மணிக்கு நேரா வந்துடு. உன் வீட்டுக்காரர் வீட்டுலயா இருக்கார்?"

"குழந்தையைப் பார்த்துக்கிட்டு இருக்கார்."

"உன் கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லு. போன் பண்றேன்."

பத்தரை மணிக்குப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தோம். நூலகர் குளிர்சாதனத்துக்குப் பயந்து கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார். கம்ப்யூட்டரில் தட்டினார். பழைய அட்டைப் பெட்டிகளை இழுத்தார். மூன்று பெரிய விவரப் பட்டியல்களைப் புரட்டினார். மனுஷர் வேலையை வேலையாகச் செய்தார், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"தூங்காப்புலியார்னு ஆளும் இல்லை, ஓய்வும் ஒழுக்கமும்னு நூலும் இல்லை, மாடி அறை வெளியீடுன்னு பதிப்பகமும் இல்லைம்மா."

"அப்போ பொய்?"

"இல்லைன்னு எழுதிக் குடுக்க முடியாதும்மா. எங்ககிட்ட இல்லைன்னுதான் குடுக்க முடியும். ஆனா ஒண்ணு பாருங்க, இந்த எட்டு மாசத்துல இன்னும் மூணு கட்டுரையில இதே நூலைக் காட்டியிருக்காங்க."

"மூணு பேரா? எந்தப் பக்கம்?"

"417. மூணு பேருமே."

"அடேங்கப்பா! அந்த ஒரு பக்கத்தை மட்டும்தான் அச்சடிச்சாங்களோ?" என்றேன்.

நூலகர் சிரிப்பை மஃப்ளருக்குள் அடக்கிக்கொண்டார். மூன்று பேரில் ஒருவர் இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் என்று விலாசம் எழுதிக் கொடுத்தார்.

அந்த வீட்டில் சுவர் தெரியாத அளவுக்குப் புத்தக அலமாரிகள். எல்லாவற்றுக்கும் கண்ணாடிக் கதவு. கதவுகளுக்குப் பூட்டு. பூட்டுகளில் துரு. பேராசிரியர் சாய்வு நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, எங்களை உட்காரச் சொல்லிவிட்டு மறுபடியும் சாய்ந்தார்.

"தூங்காப்புலியாரா!" கண்களை மூடிக்கொண்டார். "அவர் நடையில ஒரு கம்பீரம் இருக்கு பாருங்க. இப்போ யாருக்கு வருது?"

"நேர்ல பழக்கமாங்க?" என்றார் மேடம், பயபக்தியாக. இந்தக் குரலைக் கேட்டாலே எனக்கு எதிராளியை நினைத்துப் பாவமாக இருக்கும்.

"ஒரே மேடையில பேசியிருக்கோம்."

"அவர் என்ன பேசினாருங்க?"

"நான் முதல்ல பேசினேன். அவர் எழுந்தப்போ எனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு."

"முதல் தொகுதி நல்லாயிருக்குமா, ரெண்டாவதா?"

"முதல் தொகுதியில கொஞ்சம் அவசரம் தெரியும். ரெண்டாவதுல நிதானம் வந்துடுச்சு."

நான் இருமினேன். இருமாவிட்டால் வெடித்திருப்பேன். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்வரை தாக்குப் பிடித்தேன்.

"மேடம், இந்த ஆளு காதுல பூ சுத்தலை, பூந்தோட்டமே வெச்சிட்டான்!"

"எரியாத கடைக்கு சாட்சி சொல்ல வர்றவன் புகை என்ன நிறம்னுகூட சொல்லுவான் ரேடியோ. நிறையப் பார்த்தாச்சு." மேடம் போனை எடுத்து லிஃப்ட் மெக்கானிக்கின் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்தார். "தம்பி, பிரதி கிடைச்சுதா? மூணாவது இயல், பதினேழாவது அடிக்குறிப்பு. என்ன எழுதியிருக்கு?"

பின்னணியில் ஒரு குழந்தை பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமே எழுதலை மேடம். ஒரு வட்டம் போட்டு 'பிறகு'ன்னு எழுதியிருக்கா. ஆமா, ஞாபகம் வருது. அந்த அறிக்கை நம்பர் அப்போ கைக்குக் கிடைக்கலைன்னு சொன்னா. குழந்தை பொறந்து வீட்டுக்கு வந்தப்புறம்தான் போய்ப் பார்த்து எழுதினா."

மேடம் போனை வைத்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பொய்க் கிளெய்மில் தேதி இடிக்கும்போது வரும் வெளிச்சம் அது.

"வெத்து வட்டமா உள்ள போனது, புலியா வெளிய வந்திருக்கு. நடுவுல எந்த இடத்துல ஏறிச்சு?"

"டைப் அடிக்கிற கடை!"

"வண்டியை எடு."

தட்டச்சு நிலையம் ஒரு செருப்புக் கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் இடுக்கில் இருந்தது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், தாள் கட்டுகள், மாடிக்கு ஒரு குறுகலான இரும்புப் படி. உரிமையாளர் ஐம்பது வயதுக்காரர். எங்களைப் பார்க்காமலே, "பைண்டிங்னா நாளைக்குத்தான்" என்றார்.

மேடம் கட்டுரையை அவர் முன்னால் விரித்து, பதினேழாவது அடிக்குறிப்பின்மேல் விரலை வைத்தார். மனுஷர் குனிந்து படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறை படித்தார். பிறகு நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் சாவி வெட்டுகிறவர் எட்டிப் பார்த்தார்.

"ஐயையோ, இவனை அச்சுல ஏத்திட்டாங்களா! என் சம்சாரம் கேட்டா ஊரைக் கூட்டிடுவா!"

"யாரை?" என்றோம் இரண்டு பேரும்.

"என் மச்சினனை!"

மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நிதானமா சொல்லுங்க."

"எங்க தொழில்ல ஒரு தொல்லை இருக்கும்மா. ஆராய்ச்சி பண்றவங்க அடிக்குறிப்பைப் பாதியில விட்டுட்டு, 'அப்புறம் தர்றேன் அண்ணே'ம்பாங்க. அதைக் காலியா விட்டு அடிச்சா, நாளைக்கு ரெண்டு வரி உள்ள நுழையறப்போ பக்கம் பூரா கீழ இறங்கும். பொருளடக்கத்துல இருக்கிற பக்க எண் எல்லாம் கோவிந்தா. அதனால சும்மா ரெண்டு வரி நானே அடிச்சு இடத்தைப் பிடிச்சு வெச்சிடுவேன். பஸ்ஸுல துண்டு போடுற மாதிரி. சரியான விவரம் வந்ததும் இதை எடுத்துட்டு அதைப் போட்டுடுவேன்."

"அந்த ரெண்டு வரிக்கு உங்க மச்சினன் பேரா?"

"ஒவ்வொரு வேலைக்கும் வீட்டுல ஒரு ஆளு. அப்போதான் தேடறப்போ எந்த வேலையில எங்க துண்டு கிடக்குன்னு உடனே மாட்டும். எங்க பெரியம்மா ஒரு ஆய்வேட்டுல இருந்தா. கொழுந்தியா ஒண்ணுல இருந்தா. இந்தப் பொண்ணோடது ஓய்வு நேரத்தைப் பத்தின ஆராய்ச்சி. ஓய்வுன்னா எங்க குடும்பத்துல அவனை விட்டா வேற ஆளு இல்லை." மாடியைக் காட்டினார். "ராத்திரி வாட்ச்மேன் வேலைக்குப் போனான். 'நான் தூங்காப்புலி சார்'னு சொல்லித்தான் சேர்ந்தான். மூணாம் நாள், திருட வந்தவனே இவனைத் தட்டி எழுப்பி 'கேட்டுச் சாவி எங்கே'ன்னு கேட்டிருக்கான். அதுலேருந்து எங்க வீட்டுல அவன் பேரு தூங்காப்புலி. புத்தகத்துல போடறதால ஒரு மரியாதைக்கு 'யார்' சேர்த்தேன்."

"மாடி அறை வெளியீடு?"

"மாடி அறையிலதான் கிடக்கிறான்."

நான் இரும்புப் படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்துச் சிரித்து விலா வலித்தது. மூன்று கட்டுரைகள், ஒரு கம்பீரமான நடை, நிதானம் கூடிய இரண்டாம் தொகுதி! மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, இதெல்லாம் நீங்க வாயால சொல்றது. 'கட்டுரையைப் பார்த்துட்டு இப்போ கதை கட்டுறான்'னு சொல்லிட்டா போச்சு. எழுத்துல ஏதாவது இருக்கா?"

அவர் மேசைக்கடியிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார். தைத்த நோட்டு, பக்கங்களுக்கு எண் போட்டிருந்தது. வந்த வேலை, போன வேலை எல்லாம் வரிசையாக இருந்தன. விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இதோ. வரிசை எண் அறுபத்திமூணு. 'ஓய்வு நேரம், மூணாம் இயல், நாற்பத்தோரு பக்கம். தூங்காப்புலி 17'. அன்னிக்குப் பொண்ணு ஆஸ்பத்திரியில. 'சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா படிக்க மாட்டேன்'னு வாத்தியார் போன்ல குதிச்சார். கடையில வேற ஆளு இல்லை. இவனையே எழுப்பி அனுப்பினேன். '17 சும்மா போட்டது, அப்புறம் மாத்தித் தர்றோம்னு சொல்லிட்டு வாடா'ன்னேன். சொன்னானோ இல்லையோ, அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்."

மேடம் அந்த வரியின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தார். நோட்டை மெதுவாக என் பக்கம் திருப்பினார். நானும் பார்த்தேன். எனக்கு விசில் வந்தது.

"அண்ணே," என்றார் மேடம், "உங்க மச்சினனை இப்போ எழுப்ப முடியுமா?"

"முயற்சி பண்ணலாம்," என்றார் அவர், அவ்வளவாக நம்பிக்கை இல்லாமல்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் டீன் அறைக்குப் போய்ச் சேர்ந்தோம். மச்சினனை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே நுழைந்தோம். குற்றம் சாட்டப்பட்டவர் இரண்டு பேரை உடன் அழைத்து வரலாம் என்று விதி இருந்தது. நீள மேசையின் தலைமாட்டில் டீன். அவருக்குப் பக்கத்தில் வெளி வல்லுநர். அவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் பார்த்த சாய்வு நாற்காலிப் பேராசிரியர்தான்! அவர் எங்களைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எதிரே முற்றுப்புள்ளி. இஸ்திரி போட்ட சட்டை, பையில் மூன்று பேனா. இந்தப் பக்கம் எங்கள் பெண். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஆதாரம் தெளிவா இருக்கு. அச்சான தேதி முன்னால, ஆய்வேடு பின்னால," டீன் கடிகாரத்தைப் பார்த்தார். "சீக்கிரம் முடிச்சுக்கலாம்."

"ஒரே ஒரு விஷயம் சார்," என்றார் மேடம். "பதினேழாவது அடிக்குறிப்புல இருக்கிற புத்தகத்தைக் கொஞ்சம் பார்க்கணும்."

முற்றுப்புள்ளி புன்னகை செய்தார். "என் சொந்தப் பிரதி. கரையான் அரிச்சுடுச்சு."

"முழுசாவா சார்? அட்டையைக்கூட விடலையா?"

"கரையானுக்கு அட்டை, தாள்னு பேதம் உண்டா?"

"படிச்ச கரையான்," என்று முணுமுணுத்தேன். மேடம் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

"ஆசிரியர்கிட்ட ஒரு பிரதி கேட்டு வாங்கலாமே?"

"ப்ச்! அவர் போன வருஷம் காலமாயிட்டார். இரங்கல் கூட்டத்துல நான்தான் பேசினேன்."

"கேள்விப்பட்டு நான் ரெண்டு நாள் சரியா சாப்பிடலை," என்றார் வெளி வல்லுநர், ஜன்னலைப் பார்த்தபடியே.

"அடடா." மேடம் வல்லுநர் பக்கம் திரும்பினார். "நீங்க நேர்ல பார்த்திருக்கீங்க இல்லையா சார்? எப்படி இருப்பார்?"

"ஒல்லியா, உயரமா. தீர்க்கமான கண்ணு. தூக்கங்கிறதே அவருக்குக் கிடையாது. விடிய விடியப் படிப்பார்."

வராந்தாவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மரம் அறுக்கிற சத்தம். ஏறி இறங்கி, நடுவில் ஒரு விக்கலோடு மறுபடியும் ஏறியது. டீன் புருவத்தைச் சுருக்கினார். நான் எழுந்து போய்த் தோளைப் பிடித்து உலுக்கி, அழைத்துக்கொண்டு வந்தேன். குட்டையான, உருண்டையான ஆசாமி. கசங்கிய சட்டையில் பொத்தான்கள் ஒரு படி மாறி மாட்டியிருந்தன. கன்னத்தில் பெஞ்சுக் கம்பியின் தடம்.

"இவர்தான் சார் தூங்காப்புலியார்," என்றார் மேடம்.

"நீங்க போன வருஷம் செத்துட்டீங்களாம்," என்று நான் காதோரம் சொன்னேன்.

"யாரு, நானா?" அவர் சுற்றிலும் பார்த்தார். "எனக்கு யாருமே சொல்லலையே!"

மேடம் நான்கே வாக்கியத்தில் கதையைச் சொல்லி முடித்தார்: வெற்று வட்டம், இடம்பிடிக்கும் இரண்டு வரி, மச்சினன், மாடி அறை. வெளி வல்லுநரின் காது நுனி சிவந்துகொண்டே போனது. முற்றுப்புள்ளி மட்டும் சமாளித்துக்கொண்டார்.

"கட்டுக்கதை! கடைக்காரனை விலைக்கு வாங்கியிருக்காங்க. இந்த ஆளை நான் வாழ்க்கையில பார்த்ததே இல்லை!"

"என்ன சார் இப்படிச் சொல்லிட்டீங்க?" மச்சினனுக்கு நிஜமாகவே மனசு புண்பட்டுவிட்டது. "உங்க வீட்டுக்கு நான் வந்தேனே. தாள் கட்டை வாங்கிக்கிட்டு, கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சுக் கையெழுத்துப் போட்டீங்க. 'கதவைச் சாத்திட்டுப் போ'ன்னீங்க. மாமா ஏதோ பதினேழுன்னு சொல்லச் சொன்னாரு. அதுக்குள்ள கதவைச் சாத்திட்டீங்க."

மேடம் கடைக்காரரின் நோட்டைத் திறந்து டீன் முன்னால் வைத்தார். வரிசை எண் அறுபத்துமூன்றின் கடைசிக் கட்டம். மற்றவர்களெல்லாம் அந்தக் கட்டத்தில் ஒரு கிறுக்கல் கிறுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். இவர் மூலங்களைக் குறிப்பதற்குக் கையேடு போட்டவர் ஆயிற்றே! முழுப் பெயர், பதவி, 'ஓய்வு நேரம் மூன்றாம் இயல், நாற்பத்தோரு பக்கங்கள் பெற்றுக்கொண்டேன்', தேதி, மாதம், ஆண்டு, மாலை ஆறு பத்து என்று ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"இப்போ கட்டுரையோட முதல் பக்கத்தைப் பாருங்க சார். 'இதழுக்குக் கட்டுரை பெறப்பட்ட நாள்'னு அச்சாகியிருக்கு. இந்தக் கையெழுத்துக்கு இருபத்திரண்டு நாள் அப்புறம்."

முற்றுப்புள்ளி பையிலிருந்த பேனாக்களை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். எங்கள் பெண் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து இப்போதுதான் சாய்கிறாள் என்று எனக்கு உறைத்தது.

ஆட்டம் முடிந்தது என்று நினைத்தேன். நான் ஒரு முட்டாள். டீன் தொண்டையைச் செருமினார்.

"சரி. ஏதோ தவறு நடந்திருக்கு. யார் மேலயும் நடவடிக்கை, அது இதுன்னு பெருசாக்க வேண்டாம். சார் அடுத்த மாசம் ஓய்வு பெறப் போறார். ஆனா பாரும்மா, அச்சுல முதல்ல வந்தது அவரோடது. அச்சானது அச்சானதுதான். முன்னால வெளிவந்ததைக் குறிப்பிடாம நீ ஆய்வேடு குடுக்க முடியாது. அது விதி. உன் மூணாவது இயல்ல சாரோட கட்டுரையைக் காட்டி ஒரு அடிக்குறிப்பு போட்டுடு. நான் இப்பவே கையெழுத்துப் போட்டுப் பட்டத்துக்கு அனுப்பறேன். இல்லேன்னா பெரிய குழுவுக்குப் போகணும். அது கூடறதுக்கே ரெண்டு வருஷம் ஆகும்."

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "என்ன சார் அநியாயம் இது! அவ எழுதினதுக்கே அவ இந்த ஆளுக்கு நன்றி சொல்லணுமா?"

"ரேடியோ," என்றார் மேடம். அவர் குரலும் சரியாக இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முதலாளிகள் இப்படித்தான் பாதியில் ஃபைலை மூடுவார்கள் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. உன் பட்டம். நீ எது சொன்னாலும் சரி."

திங்கட்கிழமைக்கு நான்கு நாள். அவள் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஒரு வெள்ளைத் தாள் குடுங்க சார்" என்றாள்.

டீன் நிம்மதியாகத் தாளைத் தள்ளினார். முற்றுப்புள்ளியின் தோள்கள் இறங்கின. எனக்கு அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை. அவள் எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒரே மூச்சில் எழுதி முடித்து, தாளை எடுத்து வாசித்தாள்.

"'இந்த இயல் முழுவதும், இந்த ஆய்வின் வழிகாட்டியின் பெயரில் ஓர் ஆய்விதழில் முன்னரே வெளிவந்துள்ளது. அக்கட்டுரைக்கு மூலம், இந்த ஆய்வாளரின் கையெழுத்துப் பிரதி. அதன் தட்டச்சு நகலை வழிகாட்டி பெற்றுக்கொண்ட நாளும் நேரமும், தட்டச்சு நிலையக் குறிப்பேடு, வரிசை எண் 63-இல் அவர் கையெழுத்துடன் உள்ளன. அக்கட்டுரையின் பதினேழாவது அடிக்குறிப்பில் காட்டப்பட்ட நூல் எழுதப்படவில்லை. நூலாசிரியர் நலமாக உள்ளார். காண்க: தட்டச்சு நிலையம், மாடி அறை.'"

"நான் மத்தியானம் வீட்டுலதான் இருப்பேன்," என்றார் மச்சினன்.

"இப்படியெல்லாம் எழுத முடியாது!" டீன் பாதி எழுந்துவிட்டார்.

"நீங்க சொன்னபடி அவரோட கட்டுரையைக் காட்டியிருக்கேனே சார். இதுல எந்த விவரம் தப்புன்னு சொல்லுங்க, இப்பவே அடிச்சிடறேன்."

டீன் தாளை வாங்கிப் படித்தார். வெளி வல்லுநரிடம் தள்ளினார். அவர் 'பதினேழாவது' என்ற சொல் வந்ததும் சூடு பட்டதுபோல் திருப்பித் தள்ளிவிட்டார். முற்றுப்புள்ளி கை நீட்டவே இல்லை.

"தேதி, நேரத்தையாவது எடுத்துடலாமேம்மா," டீனின் குரல் கெஞ்சலுக்கு இறங்கிவிட்டது.

"அதை நான் எழுதலை சார். அவரே எழுதினது. இருக்கிறதை விட்டுட்டா குறிப்பு அரைகுறை ஆயிடும்."

மேடம் நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "பெரிய குழு கூடினாலும் எங்களுக்குச் சரிதான் சார். அந்த மூணு கட்டுரைக்காரங்களையும் சாட்சியாக் கூப்பிடுவோம். ஒருத்தர் இங்கயே இருக்கார்."

வெளி வல்லுநர் டீனின் முழங்கையைத் தொட்டு, "போட்டுடுங்க, போட்டுடுங்க" என்றார். டீன் பேனாவைத் திறந்தார். அடிக்குறிப்புத் தாளில் ஒன்று, ஆய்வேட்டில் ஒன்று, பட்டத்துக்கான பரிந்துரையில் ஒன்று என்று மூன்று கையெழுத்து விழுந்தது. மூன்றிலும் தேதி போடச் சொல்லி அவளே விரலால் காட்டினாள்.

வராந்தாவுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள். போனில் எண்ணைப் போட இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை அந்தப் பக்கம் லிஃப்ட் மெக்கானிக் எடுத்தார். என்ன கேட்டாரோ தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் எழுதினதுதான்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க," என்றாள். "பாப்பா சாப்பிட்டாளா?"